தொப்பியும் ஒரு புள்ளியும்

தொப்பி வாங்குவதிலே யோசிப்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் நாமும் ஒருகாலத்தில் எண்ணியிருந்தோம். சந்தையிலே கத்தரிக்காய் வாங்குபவர்கூட ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தே வாங்குகிறார். கல்லூரியின் பெயரைச் சுமந்துகொண்டு 300 தலைகளில் ஏறப்போகும் தொப்பியை நாமோ ஒரு மாலைப்பொழுதிலே, தேநீர் ஆறுவதற்குள், தெரிவு செய்து முடித்தோம். அந்த அவசரத்துக்கு நாம் கொடுத்த விலையையும், அதனாற் கற்ற பாடத்தையும் இங்கே சொல்ல விரும்புகிறோம். கல்லூரிகளும், சனசமூக நிலையங்களும், விளையாட்டுக் கழகங்களும் தத்தம் இலச்சினை பொறித்த தொப்பிகளைச் செய்வித்துக்கொள்வது இன்று ஊர்தோறும் வழக்கமாகிவிட்டது. ஆதலால் எமது அனுபவம் பிறருக்கும் பயன்படக்கூடும்.

நாம் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர். தைப்பொங்கல் கழிந்ததும் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளிலே இல்ல மெய்வன்மைப் போட்டிகளின் ஆரவாரம் தொடங்கிவிடும். சில ஆண்டுகளுக்கு முன், கடல்கடந்து வாழும் பழைய மாணவர் சிலர் பணம் அனுப்பி, பிள்ளைகளுக்குக் கல்லூரி இலச்சினையுடன் தொப்பி செய்து கொடுக்குமாறு கேட்டிருந்தனர். அதிபர் அந்தப் பொறுப்பை எம்மிடம் ஒப்படைத்தார். போட்டிக்கு மூன்று கிழமைகளே இருந்தன.

தொப்பி தைக்கும் இடத்தில் ஒரு படப்புத்தகத்தை எம் முன்னே விரித்தார்கள். அதிலே முன்புறம் நிமிர்ந்து, முன்விளிம்பு பலகைபோலத் தட்டையாக நீண்டு நிற்கும் கருநீலத் தொப்பி ஒன்று எம் கண்ணைக் கவர்ந்தது. ஆறு துண்டுகளை இணைத்துத் தைத்த தொப்பி அது. ‘இது போதும்’ என்றோம். இலச்சினையையோ முழுமையாகவே பொறிக்க வேண்டும் என்று பணித்தோம். எமது இலச்சினையிலே நடுவில் ஒரு குத்துவிளக்கு; அதன் கீழே விரித்த புத்தகம்; இருமருங்கும் நெற்கதிர்; அடியிலே வளைந்த நாடாவில் கல்லூரியின் குறிக்கோள் வாசகம். அவ்வாசகத்தின் முதற்சொல் ‘கல்வி’ என்பது. சிறிது சுருக்கினால் நன்றாக இருக்குமே என்று உடன்வந்த ஆசிரியர் ஒருவர் மெல்லக் கூறினார். இலச்சினையிலே ஒரு கோட்டைக் குறைப்பதும் கல்லூரியைக் குறைப்பதற்கு ஒப்பாகும் என்று நாம் அவர் வாயை அடைத்துவிட்டோம். ஒன்றைத் தைத்துக் காட்டுங்கள், பார்த்தபின் மற்றவற்றைத் தையுங்கள் என்று சொல்லவும் எமக்குத் தோன்றவில்லை.

போட்டிக்கு இரண்டு நாள்களுக்கு முன் பெட்டிகள் வந்து சேர்ந்தன. திறந்து பார்த்த எமக்கு நெஞ்சு திடுக்கிட்டது. தொப்பியின் நட்டநடுவே ஓடிய தையல் குத்துவிளக்கை இரண்டாகப் பிளந்திருந்தது. சுடர் ஒருபக்கம் சாய்ந்திருந்தது. நெற்கதிர் கம்பளிப்பூச்சியாக மாறியிருந்தது. இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நாடாவிலிருந்த வாசகத்திலே ‘ல்’ என்னும் எழுத்தின் தலைமேல் இருக்கவேண்டிய புள்ளியைக் காணவில்லை. புள்ளியை இழந்த ‘கல்வி’ வேறொரு சொல்லாகிவிடுகிறது. அதுவும் அகராதியிலே இடம்பெற்ற நல்ல தமிழ்ச் சொல்லே. ஆயினும் பிள்ளைகளின் நெற்றியில் எழுதி அணிவிக்கத்தக்க சொல்லன்று. அதனை இங்கே எழுதாது விடுகிறோம். எழுத்துக்கூட்டத் தெரிந்தவர் அறிந்துகொள்வர்.

முன்னாளிலே ஓலைச்சுவடி எழுதியவர்கள், எழுத்தாணி குத்தி ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளியிடாமலே எழுதினார்கள். படிப்பவரே இடமறிந்து புள்ளியைச் சேர்த்துப் படித்துக்கொண்டார். ‘நீர் கல்லூரியை ஏட்டுச்சுவடிக் காலத்துக்குக் கொண்டுபோய்விட்டீர்’ என்று சக ஆசிரியர் ஒருவர் நகைத்தார். நாமும் உடன் நகைத்தோம். சிறிய எழுத்துத்தானே, யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள் என்று எம்மை நாமே தேற்றிக்கொண்டு தொப்பிகளைப் பகிர்ந்தளித்தோம்.

மாணவரின் கண்ணுக்கு ஆசிரியரின் பிழை ஒருபோதும் தப்புவதில்லை. அன்று இடைவேளைக்குள் மேல்வகுப்பு மாணவர் அச்சொல்லைக் கண்டுபிடித்துவிட்டனர். தாழ்வாரத்திலே ஒருவர் தொப்பியை மற்றவர் சுட்டிக்காட்டுவதும், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதுமாக இருந்தார்கள். சிறுபிள்ளைகளுக்குக் காரணம் விளங்கவில்லை. தம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் விளங்கியது.

போட்டி நாளன்று பிற்பகல் இரண்டு மணி. அணிநடைக்காகப் பிள்ளைகள் மைதானத்திலே வரிசையாக நின்றனர். பிரதம விருந்தினர் வரச் சற்றுத் தாமதமாயிற்று. நீல இல்லத்து வரிசையிலே நின்ற ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் திடீரெனச் சுருண்டு விழுந்தான். முதலுதவிப் படை மாணவர் அவனைத் தூக்கிச்சென்று வேம்பின் நிழலிலே கிடத்தி, முகத்தைத் துடைத்துத் தண்ணீர் பருக்கினர். சிறிது நேரத்தில் அவன் எழுந்து உட்கார்ந்தான். அவனுடைய தலையிலே தொப்பி இல்லை. அது நான்காக மடிக்கப்பட்டுக் காற்சட்டைப் பையினுள் இருந்தது.

பார்வையாளர் பகுதியிலிருந்து ஓடிவந்த தாயார் எம்மைப் பார்த்து, “தொப்பியைப் போடு எண்டு சொல்லித்தான் அனுப்பினனான், சேர். பெரிய பெடியள் சிரிக்கிறாங்களாம் எண்டு கழட்டி வைச்சிட்டான்” என்றார். அவருடைய சொல்லிலே கோபம் இல்லை. இருந்திருந்தால் எமக்கு ஓரளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள், தொப்பி தைத்தவரிடம் சினத்தோடு சென்றோம். அவர் வயதில் மூத்தவர். நாற்பது ஆண்டுகளாகத் தையல் இயந்திரத்தோடு வாழ்பவர். எமது பேச்சைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாம் கையொப்பமிட்டுக் கொடுத்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். “அண்டைக்கே சொன்னனான், எழுத்துச் சின்னன் எண்டு. நீங்கள் கேக்கேல்லை. நூலுக்கும் ஒரு தடிப்பு இருக்குது, மாஸ்டர். பேனையாலை எழுதிற மாதிரி ஊசியாலை எழுதேலாது” என்றார். எமது சினம் வந்தவழியே திரும்பிற்று. அன்று அவருடைய கடையிலே ஒரு மணிநேரம் மாணவனாக அமர்ந்திருந்தோம்.

அவர் கூறியவற்றின் சாரம் இதுதான். இயந்திரப் பூத்தையலுக்குச் சாதாரணமாகப் பயன்படும் நூல் ஏறக்குறைய 0.4 மில்லிமீற்றர் தடிப்புடையது. அதனிலும் நுண்ணிய கோட்டை அந்நூலினால் வரைய முடியாது. தொப்பியின் முன்புறத்திலே பூவேலைக்குக் கிடைக்கும் உயரமோ பெரும்பாலும் 2 முதல் 2.25 அங்குலம் வரையில்தான். அதற்குள் விளக்கும் நூலும் கதிரும் நாடாவும் அடங்கவேண்டுமானால், நாடாவிலுள்ள எழுத்துக்கு மிஞ்சுவது 3 மில்லிமீற்றர் உயரமே. தைத்த எழுத்துத் தெளிவாகத் தெரிவதற்குக் கால் அங்குலமாவது, அதாவது 6 மில்லிமீற்றருக்குச் சற்று மேலாவது, வேண்டும். தமிழுக்கு அதனிலும் சற்றுக் கூடுதலாக விடுவதே நலம். ஆங்கில எழுத்துகளிலே புள்ளி பெறுவன சிலவே. தமிழிலோ மெய்யெழுத்துத்தோறும் புள்ளி உண்டு. மூன்று சுழி ‘ண’கரமும் இரண்டு சுழி ‘ன’கரமும் சிறிய அளவிலே தைக்கப்படும்போது சுழிகள் நூலால் அடைபட்டு ஒன்றுபோலவே தோன்றும். ‘கொம்பும் சுழியும் இருக்கிற எழுத்தைச் சின்னனாத் தைக்கச் சொன்னால் ஊசி அழும்’ என்று அவர் சிரித்தார்.

தொப்பியின் வகை எவ்வாறு இலச்சினையைப் பாதிக்கிறது என்பதையும் அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். ஆறு துண்டுத் தொப்பியிலே இரண்டு துண்டுகள் நெற்றியின் நடுவே சந்திப்பதால் அங்கே ஒரு தையல்மேடு உண்டாகிறது. நுண்ணிய கோடும் சிறிய எழுத்தும் அம்மேட்டின்மீது ஏறி இறங்கும்போது கோணிப்போகின்றன. ஐந்து துண்டுத் தொப்பியிலே முன்புறம் ஒரே துண்டாக இருத்தலால் அத்தொல்லை இல்லை. அகலமான இலச்சினை உடையவர்கள் அதனைத் தெரிவு செய்தல் நன்று. முன்புறத்தின் உள்ளே விறைப்பான துணி வைத்துத் தைத்த தொப்பி உருக்குலையாது நின்று பூவேலையைத் தாங்கும்; ஆயினும் நெற்றிக்கு வெப்பமானது. உள்துணியில்லாத மென்மையான தொப்பி தலைக்கு இதமானது. ஆனால் கனத்த பூவேலையை அதிலே தைத்தால் துணி சுருங்கிவிடும். பின்புறம் வலையாலான தொப்பி காற்றோட்டம் உடையது. அதன் ஸ்பொஞ் வைத்த முன்புறம் அச்சுப்பதிவுக்கு ஏற்றது. இவற்றுள் உயர்ந்தது தாழ்ந்தது என்று எதுவும் இல்லை. இன்ன இலச்சினைக்கு இன்ன தொப்பி என்ற பொருத்தமே உண்டு.

வீடு திரும்பியபின், தொப்பியிலே சின்னம் பொறிக்கும் வழக்கத்தை உலகுக்குப் பரப்பிய விளையாட்டுத்துறையினர் இதனை எவ்வாறு கையாண்டார்கள் என்று ஆராய்ந்து பார்த்தோம். இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம், நாட்டுக்காக விளையாடுவோருக்குத் தொப்பி வழங்குவதென 1886ஆம் ஆண்டிலே தீர்மானித்தது. அதனால், நாட்டின் அணியிலே இடம்பெறுதலையே ‘தொப்பி பெறுதல்’ என்று ஆங்கிலேயர் கூறலாயினர். எமது நாட்டின் கிரிக்கெற் அணி தனது முதலாவது டெஸ்ற் போட்டியை 1982ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே, கொழும்பிலே பாக்கியசோதி சரவணமுத்து என்னும் தமிழரின் பெயர் தாங்கிய மைதானத்திலே ஆடியது. அன்றுமுதல் அவ்வணியிலே சேர்பவருக்கெல்லாம் தொப்பி வரிசையெண் உண்டு. அமெரிக்காவிலே டெற்றோயிற் நகரத்து அணி 1901ஆம் ஆண்டிலே தனது பெயருக்கேற்ப ஒரு புலியின் உருவத்தைத் தொப்பியிலே பொறித்துக்கொண்டது. அந்நாட்டு அணிகளின் தொப்பிகளிலே பெரும்பாலும் ஒரேயோர் எழுத்தை, அல்லது ஒரேயோர் உருவத்தையே காண்கிறோம். மைதானத்தின் மறுகோடியில் இருப்பவரும் கண்டறிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். வாசலிலே தொங்கும் பலகையிலும் சான்றிதழிலும் இலச்சினையை அருகிருந்து வாசிக்கிறோம். தொப்பியிலோ அதனைத் தூரத்திலிருந்து, அதுவும் அசைந்துகொண்டிருக்கும் தலையிலே காண்கிறோம். இவ்வளவு எளிய உண்மை எமக்கு முன்பே புலப்படாதது எமது குறையே.

அடுத்த ஆண்டும் அப்பொறுப்பை எம்மிடமே தருமாறு அதிபரைக் கேட்டுப் பெற்றுக்கொண்டோம். இம்முறை தனியே முடிவு செய்யவில்லை. இல்லத் தலைவர்களான மாணவர் நால்வரையும் கூட்டத்துக்கு அழைத்தோம். மாதிரித் தொப்பிகளை மேசைமேல் பரப்பி, எதிலே எமது இலச்சினை அழகாக அமையும் என்று ஆசிரியர்கள் விவாதித்துக்கொண்டிருந்தபோது, மஞ்சள் இல்லத் தலைவி எழுந்து, “சேர், இது வெயிலுக்குப் போடுறதோ, படத்துக்குப் போடுறதோ?” என்று கேட்டாள். சபையிலே சிறிது நேரம் பேச்சில்லை.

அக்கேள்வியே எல்லாவற்றையும் நேர்செய்தது. எமது குடாநாடு மத்தியகோட்டுக்கு வடக்கே 10 பாகைக்கும் சற்றுக் குறைவான இடத்தில் உள்ளது. சித்திரைப் புத்தாண்டை அண்டிய நாள்களிலே நண்பகற் சூரியன் எமது தலைக்கு நேர்மேலே நிற்கிறது. போட்டிகள் நடைபெறும் மாசி, பங்குனியிலேயே அது உச்சியை நெருங்கத் தொடங்கிவிடும். நாம் முன்னர் வாங்கிய தொப்பி நெற்றிக்கு மட்டும் நிழல் தந்தது. காதும் பிடரியும் வெயிலிலே வெந்தன. கருநீலத் துணி வெப்பத்தை ஈர்த்தது. இரட்டைப் பின்னலை மடித்து நாடா கட்டிய பெண்பிள்ளைகளுக்கு அந்த விறைத்த தொப்பி தலையிலே சரியாக அமரவும் இல்லை.

பணம் அனுப்பியவர்களுள் ஒருவர் மெல்பேண் நகரில் வாழ்பவர். எமது நோக்கத்தைத் தெரிவித்தபோது அவர் மகிழ்ச்சியோடு எழுதினார். அவுஸ்திரேலியாவின் ஆரம்பப் பாடசாலைகள் பலவற்றிலே ‘தொப்பி இல்லையேல் விளையாட்டும் இல்லை’ என்ற விதி உண்டு. அங்கே சுற்றிலும் விளிம்புள்ள தொப்பியையே விரும்புகிறார்கள். முன்விளிம்பு மட்டும் உள்ள தொப்பி காதையும் கழுத்தையும் காவாது என்று அதனை ஏற்பதில்லை. மற்றொருவருக்கோ எமது முடிவு மனத்துக்கு ஒவ்வவில்லை. நிமிர்ந்த தொப்பிதான் நிழற்படத்திலே எடுப்பாக இருக்கும் என்றார். அவருக்குச் சென்ற ஆண்டு நிகழ்ந்ததை மறைக்காமல் எழுதினோம். அதன்பின் அவர் மறுப்புக் கூறவில்லை.

இறுதியிலே, கவிழ்த்த வாளிபோன்ற உருவமும் சுற்றிலும் விளிம்பும் உடைய பருத்தித் தொப்பியைத் தெரிவு செய்தோம். நிறம் வெளிர்மஞ்சள் கலந்த வெள்ளை. விளிம்பின் கீழ்ப்பக்கம் மட்டும் கருநீலம்; தரையிலிருந்து எழும் கூச்சத்தை அது குறைக்கும். இல்லத்தின் நிறத்துக்கு மேலே ஒரு நாடா. வாடைக்காற்று முற்றாக ஓயாத காலமாதலால் நாடிக்குக் கீழே கட்டிக்கொள்ள ஒரு கயிறு. பின்னாலே பட்டி வைத்துக் கூட்டிக் குறைக்க இயலாத தொப்பியாகையால், பிள்ளைகளின் தலைகளை நாடாவால் அளந்து மூன்று அளவுகளிலே செய்வித்தோம். இவ்வகைத் தொப்பியின் சுற்றுத்துணி பக்கங்களிலேதான் இணைக்கப்படுகிறது. நெற்றிக்கு நேரே தையல் இல்லை. தொப்பியாகத் தைப்பதற்கு முன், துணி தட்டையாக இருக்கும்போதே பூவேலையை முடித்தமையால் கோணலும் ஏற்படவில்லை.

இலச்சினையைப் பற்றிய விவாதம்தான் நீண்டது. முன்புறத்திலே குத்துவிளக்கு மட்டும், 1.5 அங்குல உயரத்திலே, கருநீல நூலாலே இருக்கட்டும் என்றோம். சென்ற ஆண்டு ஒரு கோட்டையும் குறைக்க ஒவ்வாத எமது வாயிலிருந்தே இது வந்தது. ஓய்வுபெறும் நிலையிலிருந்த மூத்த ஆசிரியர் ஒருவர், வாசகம் இல்லாத இலச்சினை உயிரில்லாத உடல் என்று வருந்தினார். அவருடைய வருத்தத்திலும் நியாயம் இருந்தது. தையற்காரரே வழி காட்டினார். பூத்தையல் நூலினும் மிக மெல்லிய இழைகளாலே தறியில் நெய்யப்படும் சிறு துணிச்சின்னத்திலே நுண்ணிய எழுத்தும் தெளிவாக விழும். முழு இலச்சினையையும் வாசகத்தோடு அவ்வாறு நெய்வித்து, தொப்பியின் உட்புறத்திலே தைத்துவிடலாம். அதன் கீழே பிள்ளையின் பெயர் எழுத ஓர் இடமும் விடலாம் என்றார். மூத்த ஆசிரியரின் முகம் மலர்ந்தது. ‘வாசகம் தலைக்கு அண்மையில் இருப்பதும் நல்லதுதான்’ என்று அவர் ஒத்துக்கொண்டார்.

இம்முறை மாதிரி ஒன்றைத் தைப்பித்து வாங்கினோம். அதனை மைதானத்தின் ஒரு கோடியிலே ஒரு மாணவன் தலையில் வைத்து, மறுகோடியிலிருந்து பார்த்தோம். விளக்கு விளக்காகவே தெரிந்தது. உள்ளிருந்த சின்னத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் எழுத்தெழுத்தாக வாசித்தோம். ஒருமுறை நனைத்து உலர்த்தியும் பார்த்தோம். அதன்பின்னரே மற்றவற்றைத் தைக்கச் சொன்னோம். படத்தைக் கண்டு தொப்பியைத் தெரிவு செய்வோர் இவ்வளவையேனும் செய்தல் வேண்டும். யாருடைய தலைக்கு, எந்த வேளைக்கு என்பதை முதலில் தீர்மானித்துத் தொப்பியைத் தெரிவு செய்தல்; பின்பு அத்தொப்பி தாங்கும் அளவுக்கு இலச்சினையைச் சுருக்குதல்; இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கியதே நாம் செய்த பிழை.

அவ்வாண்டுப் போட்டி நாளிலே வெள்ளைத் தொப்பிகள் மைதானம் முழுவதும் பூத்திருந்தன. முன்னைய ஆண்டு மயங்கி விழுந்த சிறுவன் இப்போது ஏழாம் வகுப்பு. அணிநடை முடிந்ததும் அவன் வேம்பின் நிழலுக்கு வந்து, தொப்பியைக் கழற்றி உட்புறத்தைத் திருப்பி, நெய்த சின்னத்தைக் கண்ணுக்கு அருகே வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். நாம் அருகே சென்று, என்ன பார்க்கிறாய் என்று கேட்டோம். அவன் சிறிது வெட்கத்தோடு எம்மை நிமிர்ந்து பார்த்தான்.

“புள்ளி இருக்குது, சேர்” என்றான். பின்பு தொப்பியைத் தலையிலே வைத்துக் கயிற்றையும் கட்டிக்கொண்டு, வெயிலினுள்ளே ஓடிப்போனான்.